இறங்குமுகம்

அறுபதைக் கடந்த கணவனும் மனைவியும் பல நாள் மலைநடைக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னால், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "இந்த வயசுல ஏற முடியுமா?" என்பதுதான். இறங்க முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏறுவது பாடு, இறங்குவது சுகம் என்ற எண்ணம் நம்மிடம் அப்படி ஊறிக் கிடக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இரண்டும் அடங்கிவிடும். இறக்கத்தில் அந்த நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றும்போதுதான் தெரியும்.

இந்த அத்தியாயம் இறக்கத்தைப் பற்றியது. மனிதத் தொடை எப்படி இறங்குகிறது, மலைமேல் கிடக்கும் பனி எப்படி இறங்குகிறது என்ற இரண்டையும் ஒரே பாதையில் பார்க்கலாம். அந்தப் பாதை ஐரோப்பாவின் ஆல்ப்ஸில், மோன் பிளாங் மலையைச் சுற்றிப் போகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் அந்தப் பாதையில் நடந்தோம். நான் உடலியங்கியல் பாடம் நடத்தியவள். அவர் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்தவர். சரிவையும் தண்ணீரையும் கண்டால் நின்றுவிடுவார். ஆகவே எங்கள் நடை மெதுவாகத்தான் போனது.

மோன் பிளாங் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடும் பகுதியில் நிற்கிறது. அதன் உச்சிப் பாறைமேல் பனி கவிந்து கிடப்பதால் அளக்கும்தோறும் உயரம் சற்று மாறும்: 2021-ல் 4,807.81 மீட்டர், 2023-ல் 4,805.59 மீட்டர். உச்சிக்குப் போவது மலையேறிகளின் வேலை. சுற்றி வருவது நடக்கத் தெரிந்தவர்களின் வேலை. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1767-லேயே இப்படிச் சுற்றி வந்தார். இன்று பாதையின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் 10 அல்லது 11 நாளில் முடிக்கிறார்கள். வழியில் உள்ள மலைவிடுதிகளில் சூப்பும் ரொட்டியும் படுக்கையும் கிடைக்கும். சாயங்காலம் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தால் நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை.

அதற்குக் காரணம் உயரம். இந்தப் பாதை எங்குமே 2,700 மீட்டரைத் தொடுவதில்லை. 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கணவாயைக் கடக்கும்போது மூச்சு கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். இரவு தூங்குவது 2,000 மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோ என்பதால், இமயத்தில் பலரைப் படுக்க வைக்கும் மலைநோய் இங்கே பெரிதாகத் தலைகாட்டுவதில்லை.

உயரம் சலுகை தருகிறது, சரிவு தருவதில்லை. பத்துப் பதினொரு நாளில் ஏறும் மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதை இது. அப்படியானால் இறக்கமும் அதே 10,000 மீட்டர்தான். இங்கேதான் வயதுக்கும் மலைக்கும் இடையிலான கணக்கு தொடங்குகிறது.

நம் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன், முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் குறையும், கொஞ்சம் மெதுவாக. ஆனால் ஏற்றத்தில் இதைச் சமாளிக்க எளிய வழி இருக்கிறது: வேகத்தைக் குறைப்பது. இருபது வயதுக்காரர் இரண்டு மணி நேரத்தில் ஏறுவதை நாம் நாலு மணி நேரத்தில் ஏறலாம். நிமிடத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துவிடும். இறக்கத்தில் இந்த உத்தி பாதிதான் பலிக்கும். மெதுவாக இறங்கினால் கால் தரையில் மோதும் அதிர்ச்சி குறையும், நிதானம் கிடைக்கும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கிவைக்கும் வேலை அப்படியே இருக்கும்.

எங்களுக்கு அது முதலில் உறைத்த இடம் பிரான்ஸ் பக்கத்து குரோவா து போனொம் கணவாய்க்குப் பிந்திய சரிவு. கணவாய் சுமார் 2,480 மீட்டரில். கீழே தெரியும் லெ ஷாப்பியூ சிற்றூர் 1,550 மீட்டரில். இடையில் புல்லும் உடைந்த பலகைக்கல்லும் கலந்த சரிவு, ஏறத்தாழ 900 மீட்டர். என் கணவர் முன்னால் போய், ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நின்று, "அவசரமில்ல, பார்த்து வா" என்றார். "நீங்க போங்க, நான் வர்றேன்" என்றேன். இளைஞர்கள் சிலர் எங்களைத் தாண்டித் துள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைக்கு என்ன நேர்கிறது? படி ஏறும்போது அந்தத் தசை சுருங்கி முழங்காலை நீட்டுகிறது. அதாவது சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது, தசை நீள்கிறது. நீண்டுகொண்டே, நீளாமல் தடுக்கவும் பார்க்கிறது. தடுக்காவிட்டால் நாம் தொப்பென்று விழுந்துவிடுவோம். இப்படி இழுபட்டுக்கொண்டே தாங்கும் வேலைக்கு உடல் செலவிடும் ஆக்சிஜன் மிகவும் குறைவு. தசை தரும் விசையோ அதிகம்.

1952-ல் ஆபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு நிலை சைக்கிள்களை ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவரின் பெடல் அதனால் பின்னோக்கிச் சுழலும். அவர் அதைக் காலால் தடுக்கப் பார்ப்பார். இருவர் காலிலும் இருக்கும் விசை ஒன்றுதான். ஆனால் மிதிப்பவரின் தசை சுருங்குகிறது, தடுப்பவரின் தசை இழுபடுகிறது. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, தடுக்கும் சைக்கிளில் உட்கார்ந்த சிறிய உருவப் பெண், மிதித்துக்கொண்டிருந்த பெரிய உருவ ஆணைச் சிரமமே இல்லாமல் களைப்படையச் செய்தார். உடலியங்கியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இலேசான இறக்கம் நடைக்கு மிக மலிவு என்பதையும் இத்தாலிய உடலியங்கியலாளர் ரொடால்ஃபோ மர்காரியா 1930-களில் அளந்து சொன்னார். சமதளத்தைவிட, நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் சாயும் சரிவில் நடக்கத்தான் உடலுக்குச் செலவு மிகக் குறைவு. சரிவு அதைவிடச் செங்குத்தானால் பிடித்து நிறுத்தும் வேலை கூடி, செலவு மறுபடி ஏறத் தொடங்கும்.

ஆனால் மூச்சுக்கு மலிவாக இருப்பது தசை நாருக்கு மலிவல்ல. குறைந்த எண்ணிக்கையிலான நார்கள் அதிக விசையைத் தாங்கியபடி இழுபடுவதால், அவற்றின் உள்ளே இருக்கும் நுண்ணிய சுருங்கு அலகுகள் சில கிழிகின்றன. அந்த இடத்தைச் சரிசெய்ய அழற்சி தொடங்கும், நீர் கோக்கும், நரம்பு முனைகள் கூச்சம் கொள்ளும். வலி உச்சத்துக்கு வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் ஆகும். பலரும் இதை லாக்டிக் அமிலம் சேர்ந்ததால் வரும் வலி என்கிறார்கள். நடை நின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதை உடல் அகற்றிவிடும். இரண்டு நாள் கழித்து வலிக்க அது அங்கே இருப்பதில்லை.

லெ ஷாப்பியூவில் மறுநாள் காலை படுக்கையறையிலிருந்து காப்பி குடிக்கப் படி இறங்கிய எல்லோரும் கைப்பிடியைப் பிடித்தபடி, பக்கவாட்டாகத்தான் இறங்கினார்கள். முந்தின நாள் துள்ளி ஓடிய இளைஞர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். வயதானவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி ஒன்று இங்கே உண்டு. வயது ஏறும்போது தசையின் பலம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் சுருங்கும் பலம் குறைகிற அளவுக்கு, இழுபட்டுத் தாங்கும் பலம் குறைவதில்லை. இறங்குவதற்கான அடிப்படைச் சொத்து நம்மிடம் நெடுநாள் இருக்கிறது. குறைவது வேகமாகச் செயல்படும் தசை நார்களும், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணுணர்வும். கல் உருண்டால் சட்டென்று காலை மாற்றி ஊன்ற இளைஞரால் முடியும். நமக்கு ஒரு கண நேரம் பிந்தும். அந்த ஒரு கண நேரத்துக்காகத்தான் கையில் இரண்டு நடைக்கோல்கள். இறக்கத்தில் அவற்றைச் சரியாக ஊன்றினால் முழங்கால் மூட்டில் விழும் பளு 12 முதல் 25 சதவீதம் வரை குறைவதாக ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். ஒரு நாளில் பல ஆயிரம் அடி என்று பெருக்கிப் பார்த்தால் அது சின்ன உதவி இல்லை.

இரண்டாவது நல்ல செய்தி, இந்தச் சேதம் ஒரு பாடமாகவும் ஆகிறது. ஒருமுறை இழுபட்டுச் சேதமான தசை, ஆறியதும் முன்பைவிட உறுதியாகிறது. அடுத்த முறை அதே இறக்கத்தில் வலி வெகுவாகக் குறையும். ஒரே ஒரு நல்ல இறக்கம் தரும் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். ஊரிலிருந்து கிளம்புமுன் மாடிப்படிகளில் ஏறி இறங்கச் சொல்வது இதற்காகத்தான். இறங்குவதுதான் அங்கே முக்கியம். ஆஸ்திரியாவின் ஃபோராரல்பெர்க் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றில், கேபிள் காரில் மேலே போய், நடந்து கீழே மட்டும் இறங்கியவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியிருந்தது. நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இந்தச் செய்தி இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த கணவாய் தாண்டினால் இத்தாலி. வால் வேனி பள்ளத்தாக்கில் இறங்கும்போது இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கல்மேடு ரயில்வே கரைபோல நீண்டு கிடக்கிறது. மியாஜ் பனியாறு அது. முதல் பார்வையில் பனியே தெரியாது. சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாற்றின் கீழ்ப்பாதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. பக்கத்து மலைச்சுவர்களிலிருந்து உதிர்ந்தவை அவை. அடியில் பனி இருக்கிறது, நகர்ந்துகொண்டும் இருக்கிறது.

கல் மூடினால் பனி சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா? இரண்டும் நடக்கும் என்பதை நார்வே நாட்டவரான குன்னார் ஓஸ்திரம் 1959-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தடிமனில் தூவியதுபோல் கல் இருந்தால், கருத்த பரப்பு வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். அதைவிடத் தடித்தால் வெப்பம் உள்ளே போய்ச்சேர முடியாமல் பனி பாதுகாக்கப்படும். அதனால்தான் மியாஜின் முனை, சுமார் 1,800 மீட்டர் வரை கீழே இறங்கியும் இன்னும் பிழைத்திருக்கிறது.

இதைவிட வியப்பான ஒன்று அந்தக் கல்மேட்டின் மேலேயே இருக்கிறது. கல் தடித்த இடங்களில் லார்ச் மரங்கள் முளைத்திருக்கின்றன. வேருக்குக் கீழே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கல், அதற்குக் கீழே பனி. பனி நகர, மரமும் நகர்கிறது. தரை சாயும்போது மரம் சாய்கிறது, பிறகு வெளிச்சத்தை நோக்கி வளைந்து நிமிர்கிறது. அந்தச் சாய்வும் நிமிர்வும் மரத்தின் ஆண்டு வளையங்களில் பதிவாகின்றன. விஞ்ஞானிகள் அவ்வளையங்களைப் படித்து, பனியாறு எந்த ஆண்டில் அசைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். பாதையோரத்துச் சிறு மரம் ஒன்றின் அடித்தண்டு, அரிவாள்போல வளைந்து நின்றது. என் கணவர் அதன்முன் வெகுநேரம் நின்றார்.

"இது எப்படிக் கெட்டியா இருந்துகிட்டே ஓடுது?" என்று கேட்டார். நீர்ப்பாசனக்காரரின் நியாயமான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பெரிய பெரிய அறிஞர்கள் இந்தக் கேள்வியோடு சண்டை போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842-ல் மோன் பிளாங்கின் வடக்குப் பக்கத்தில் உள்ள மெர் தெ கிளாஸ் பனியாற்றில் அடையாளங்கள் இட்டு, கரையில் தியோடலைட் கருவியை நிறுத்தி நாள்தோறும் அளந்தார். பனி இரவும் பகலும் நிற்காமல் நகர்கிறது, நடுப்பகுதி ஓரங்களைவிட வேகமாகப் போகிறது என்று கண்டார். ஆற்றிலும் நடுநீர்தானே வேகம்?

இன்று நமக்குக் காரணம் தெரியும். விழும் பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்கி, தன் பாரத்தில் தானே நசுங்கி, இடையில் இருந்த காற்று வெளியேறிக் கெட்டிப் பனிக்கட்டியாகிறது. தடிமன் 50 மீட்டர் அளவைத் தாண்டும்போது அடியில் உள்ள பனிப் படிகங்கள் பாரம் தாங்காமல் உருமாறி வழியத் தொடங்கும். மேல் அடுக்கு மட்டும் உடையும் தன்மையோடு இருப்பதால், வளைவிலும் மேட்டிலும் வெடித்துப் பிளவுகள் விழுகின்றன. இது ஒரு வகை இறக்கம். இன்னொரு வகை, பனியாறு முழுசாகப் பாறைத்தளத்தின் மேல் சறுக்குவது. கோடையில் உருகும் தண்ணீர் பிளவுகள் வழியாக அடிக்குப் போய், அங்கே தேங்கி, பனியைச் சற்றே தூக்கிவிடுகிறது. உராய்வு குறைந்து வேகம் கூடுகிறது.

"அணைக்கட்டு அடியில தண்ணி புகுந்தாலும் இதேதான்," என்றார் அவர். "மேல் பக்கம் தூக்கும். எடையை வெச்சுத்தான் அமுக்கி நிறுத்தணும். இங்க அமுக்கி நிறுத்த யாரு இருக்கா?"

அடுத்த பள்ளத்தாக்கிலேயே அந்தக் கேள்விக்கு உயிர்ச்சான்று எதிரில் தொங்கிக்கொண்டிருந்தது. கூர்மாயர் ஊருக்கு மேலே உள்ள வால் ஃபெரே பள்ளத்தாக்கில், கிராண்ட் ஜொராஸ் மலைச்சுவரில் ஒட்டியிருக்கும் பிளான்பான்சியூ பனியாறு. 2019 செப்டம்பரில் அதன் ஒரு பகுதி, சுமார் 2,50,000 கன மீட்டர் பனி, நாளுக்கு அரை மீட்டருக்கும் கூடுதலாக இறங்குவது கருவிகளில் தெரிந்தது. கூர்மாயர் நகர மேயர் பள்ளத்தாக்குச் சாலையை மூடி, அபாயப் பகுதியில் இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார். 2020 ஆகஸ்டில் இன்னும் பெரிய பகுதி, சுமார் 5,00,000 கன மீட்டர், அச்சுறுத்தியது. சுமார் 75 பேர் வெளியேற்றப்பட்டார்கள். நடைபாதை எதிர்ச்சரிவில் உயரத்தில் போவதால் நடப்பவர்களுக்கு அது தூரத்துக் காட்சி. கீழே சாலையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு அப்படியில்லை.

கிராண்ட் கோல் ஃபெரே கணவாயில் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தபின், த்ரியான் பனியாற்றைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் முனையிலிருந்து பனிக்கட்டியை வெட்டி விற்றிருக்கிறார்கள். அன்று வெட்டிய இடத்தில் இன்று வெறும் வழுக்குப் பாறை. பனி மேலே வெகுதூரத்தில் தொங்குகிறது.

இங்கே தெளிவுபடுத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. பனியாறு பின்வாங்குகிறது என்று எழுதுகிறோம், பேசுகிறோம். கேட்பவர்கள் பனி மலைமேல் திரும்பி ஏறுவதாக மனத்தில் படம் வரைந்துகொள்கிறார்கள். பனி ஒருபோதும் மேலே ஏறுவதில்லை. உருகிச் சாகும் பனியாற்றிலும் பனி கீழ்நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து வந்துசேரும் பனியைவிட முனையில் உருகும் பனி அதிகமானால், பனி முடியும் கோடு மட்டும் மேலே போகிறது. வந்து சேர்வது அதிகமானால் அந்தக் கோடு கீழே வரும். 1644-ல் மெர் தெ கிளாஸ் அப்படிக் கீழே வந்து, ஷமோனி பள்ளத்தாக்கின் குடியிருப்புகளை நெருக்கியபோது, ஆயர் சார்ல் தெ சால் மக்களோடு ஊர்வலமாகப் போய்ப் பனியை நோக்கிச் செபம் செய்தார். அன்றைய மக்களுக்குப் பனி ஊருக்குள் புகுந்துவிடுமோ என்ற பயம்.

அதே மெர் தெ கிளாஸுக்கு 1909 முதல் ஷமோனியிலிருந்து மோந்தன்வேர் வரை ஒரு பல்சக்கர ரயில் போகிறது. ரயில் வந்த காலத்தில் நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே பனி நிறைந்திருந்தது. 1988-ல் பனியருகே போக ஒரு தொங்கு ஊர்தி போட்டார்கள். பனி தாழ்ந்துகொண்டே போக, ஊர்தி நிற்கும் இடத்துக்குக் கீழே இரும்புப் படிகளை ஒட்டிக்கொண்டே வந்தார்கள். எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. பாறைமேல் சிறு பலகைகளில் ஆண்டு எழுதியிருக்கிறது, அந்த ஆண்டில் பனிப்பரப்பு அந்த உயரத்தில் இருந்தது என்பதற்காக. 2024-ல் பள்ளத்தாக்கின் மேல்பக்கமாக, பனி இன்னும் கொஞ்ச காலம் நிற்கும் இடத்துக்குப் புதிய ஊர்தி திறந்தார்கள். நாங்கள் அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி இறங்கினோம். என் முதல் வேலையும் எங்கள் கல்யாணமும் எங்கள் பிள்ளைகள் பிறந்ததும் நடந்த காலத்தில் பனி என் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்திருக்கிறது. ஒரு மனித வாழ்நாளுக்குள் இவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பது எனக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பனியாறுகளின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குமுன் அந்த அளவு குறைய முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

பாதை வட்டத்தை முடிக்கும் கடைசிப் பகுதி பிரேவான் மலைமுகட்டில் போகிறது. உயரம் 2,525 மீட்டர். அங்கிருந்து பெல்லாஷா மலைவிடுதி வழியாக லெ ஊஷ் ஊருக்கு இறங்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர். மொத்தப் பாதையிலும் ஒரே மூச்சில் இவ்வளவு இறக்கம் வேறெங்கும் இல்லை. இறங்கும் வழியெல்லாம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் போசோன் பனியாறு தெரிந்துகொண்டே இருக்கும். மோன் பிளாங் உச்சியிலிருந்து நேராகக் காட்டை நோக்கி விழும் வெள்ளைச் சரிவு. அதன் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

1820 ஆகஸ்டில் ரஷ்ய இயற்கை ஆய்வாளர் ஜோசப் ஹாமெலின் குழு உச்சிக்குப் போகும்போது பனிச்சரிவு வந்தது. மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பனியின் வேகத்தை அளந்து வைத்திருந்த ஃபோர்ப்ஸ், சுமார் நாற்பது ஆண்டில் அவர்கள் கீழே வெளிப்படுவார்கள் என்றார். 1861-ல் போசோனின் கீழ்ப்பகுதியில் எலும்புகளும் துணிகளும் வெளிவரத் தொடங்கின. அன்று உயிர் தப்பிய வழிகாட்டிகளில் ஒருவரான கூத்தே, முதியவராக இருந்தார். இளமையில் தன்னோடு நடந்தவர்களின் எச்சங்களை அவரே அடையாளம் காட்டினார்.

மேலே புதைந்தது கீழே வெளிவருவதற்கு ஒழுங்கான காரணம் உண்டு. பனியாற்றின் மேல்பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பனி மூடுவதால், விழுந்த பொருள் ஆழத்துக்குப் போகிறது. கீழ்ப்பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் மேற்பரப்பு உருகிப்போவதால், ஆழத்தில் இருந்தது வெளியே வருகிறது. உச்சியை ஒட்டி விழுந்தது மிக ஆழமாகப் போய், முனையருகே வெளிப்படும். நடுவில் விழுந்தது அதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும்.

1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் மோன் பிளாங் உச்சிக்குச் சற்றுக் கீழே மோதியது. 48 பேரும் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் போயிங் 707 'கஞ்சன்ஜங்கா' ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது. ஜெனீவாவில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த விமானம் அது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி எண்ணியிருந்தார். இறந்த 117 பேரில் இந்திய அணு இயற்பியலாளர் ஹோமி பாபாவும் ஒருவர். வியன்னாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சிதறியவற்றில் பெரும்பகுதி போசோனுக்குள் போனது. அரை நூற்றாண்டு கழித்து அது ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறது. 2012-ல் இந்திய அரசின் தூதரகத் தபால் பை ஒன்று கிடைத்தது. 2013-ல் மலையேறி ஒருவர் மரகதமும் மாணிக்கமும் நீலமும் நிறைந்த சிறு உலோகப் பெட்டியைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். 2020-ல் பனியாற்றின் அருகே 1,350 மீட்டர் உயரத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துபவர், 1966-ம் ஆண்டு இந்தியச் செய்தித்தாள்களைக் கண்டெடுத்தார். காய வைத்துப் பிரித்தபோது, இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தியைப் படிக்க முடிந்தது. அவர் பதவியேற்ற நாளும் அதே ஜனவரி 24-தான். விமானத்தில் யாரோ மடித்து வைத்திருந்த தாள் 54 ஆண்டு பனிக்குள் நடந்து கீழே வந்திருக்கிறது. படித்துக்கொண்டிருந்தவர் வீடு திரும்பவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பங்களின் நினைவுதான் முதலில் வரும்.

பெல்லாஷாவுக்குக் கீழே ஒரு திருப்பத்தில் தடியை ஊன்றி நின்று என் கணவர் கேட்டார்: "எல்லாம் வந்து முடிஞ்சிருக்குமா?"

இருக்காது. நடுப்பனி வேகமாகப் போகும், ஓரப்பனி பின்தங்கும் என்று ஃபோர்ப்ஸ் அளந்ததுதான் இதற்கும் பதில். ஒரே நாளில் ஒரே இடத்தில் விழுந்தாலும், நடுவில் அகப்பட்டவை முன்னால் வந்துவிட்டன. ஓரத்திலும் பாறைத்தளத்தை ஒட்டியும் அகப்பட்டவை இன்னும் வழியில் இருக்கின்றன. உருகல் கூடியிருப்பதால் அவற்றில் பல, முனைவரை வராமல் இன்னும் உயரத்திலேயே வெளிப்படும்.

லெ ஊஷ் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகியிருந்தது. மறுநாள் காலை விடுதிப் படிகளில் இருவருமே கைப்பிடியைத் தொடாமல் நேராக இறங்கினோம். லெ ஷாப்பியூ சரிவைவிட 600 மீட்டர் கூடுதலான இறக்கத்துக்குப் பிறகும் தொடைகளில் வலி மிகக் குறைவாகத்தான் இருந்தது.